எரிமலைக்கு ஓர் ஆற்றுப்படை

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்று. அங்கே செல்லும் பயணிகளுக்கு வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் ஒரு பயணம் உண்டு. பிற்பகலில் கடற்கரை ஊரொன்றிலிருந்து ஜீப்பில் புறப்படவேண்டும், தீவின் நடுமேட்டில் ஏறி, உயிருள்ள ஓர் எரிமலையின் மதில்போன்ற விளிம்பில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கவேண்டும், இருட்டியபின் இறங்கவேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியுமுன்னர் ஜீப் ஏறியவர்கள் இந்த அனுபவத்தில் பாதியை அறிவார்கள். மறுபாதி நெருப்பு.

அந்த எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். உலைக்கொடுமுடி என்று தமிழ்ப்படுத்தலாம். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி கனலும் எரிமலைகளுள் ஒன்று. சராசரியாக ஓராண்டுக்குள் ஒருமுறையாவது அதன் சரிவுகளில் எங்கேனும் பிளவு கண்டு குழம்பு வழியும் என்பார்கள். ஆயினும் அது பெரும்பாலும் வெடித்துச் சிதறுகிற வகையன்று. பொங்கி ஒழுகுகிற வகை. ஆதலால் மக்கள் அதற்கு அஞ்சி ஓடுவதைவிட அதைப் பார்க்க ஓடுவதே வழக்கமாயிருக்கிறது.

இந்தப் பயணத்தின் அழகைச் சொல்வது இக்கட்டுரையின் முதல் நோக்கமன்று. அந்தப் பாதையில் முதலில் இறங்கியவர் யார், பாதைக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டது, அந்தப் பெயருக்கும் நம் புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு, அந்த மலையின் அடிவாரத்தில் கரும்பு வெட்டப்போன நம்மவர்களின் பெயர்கள் என்னவாயின என்பவற்றைக் கேட்டுப் பார்ப்பதே நோக்கம். தமிழ் படித்தவனுக்கு இக்கேள்வி ஆற்றுப்படை நூல்களிலிருந்து எழுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாதை

தெற்குக் கரையிலுள்ள சேன்-பியேர் நகரத்திலிருந்து புறப்படும் சாலை, கரும்புக் காடுகளைக் கடந்து லெ தாம்போன் என்ற ஊரின் வழியாக மேலேறுகிறது. வெப்பம் குறையக் குறையக் கரும்பு மறைந்து புல்வெளி தொடங்குகிறது. இந்த மேட்டுநிலத்தின் பெயர் பிளேன் தே காஃப்ர். காஃப்ர் என்பது நம் பழைய வழக்கில் ஆப்பிரிக்கரைக் குறித்த காப்பிரி என்ற சொல்லேதான். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் மறைந்து வாழ்ந்த நிலம் என்பதால் வந்த பெயர். இன்று அங்கே மாடுகள் மேய்கின்றன. சற்று மேலே சாலையோரத்தில் பள்ளத்தாக்கைப் பார்க்க நிற்குமிடம் ஒன்று உண்டு; அதன் பெயருக்கு மாட்டு மூக்கு என்று பொருள். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறையில் இருந்துகொண்டு வரைபடத்தில் இப்பெயரைப் படிக்கும்போது, மனிதர் எங்கே போனாலும் மலைக்குப் பெயரிடத் தம் தொழுவத்தைத்தான் முதலில் நினைக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அதற்கப்பால் புல்லும் நின்றுவிடுகிறது. சாலை ஒரு மேட்டின் விளிம்பைத் தாண்டிச் சரிந்து இறங்க, கீழே பிளேன் தே சாப்ல் எனப்படும் மணல்வெளி விரிகிறது. பெயர்தான் மணல். உண்மையில் அது எரிமலை உமிழ்ந்த சாம்பலும் கசடும் பரந்த வெளி. கருமையும் செம்மையுமான நிலம், மரமில்லை, ஆங்காங்கே பாறையிடுக்கில் சிறு புதர்கள். தார் போடாத தடத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கிச் செல்கிறது. ஜீப்பின் தேவை இங்கேதான் விளங்கும். மணல்வெளியைக் கடந்து மறுபுறம் ஏறினால் சாலை சட்டென்று முடிந்துவிடும். 2,311 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்தான மதிலின் உச்சி. கீழே, குதிரை லாட வடிவில் மதில் சூழ்ந்த பெரும் பள்ளம். அதன் நடுவில் எரிமலையின் கூம்பு.

பள்ளத்தின் தரையில், மதிலடியில், சிவந்த சிறு குன்று ஒன்று தெரியும். ஃபொர்மிக்கா லேயோ என்பது அதன் பெயர். இலத்தீனில் குழியானைப் பூச்சியைக் குறிக்கும் சொல். மண்ணில் கூம்பு வடிவக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அந்தப் பூச்சியைப் பிள்ளைப் பருவத்தில் ஈர்க்குச்சியால் கிளறாத தமிழர் குறைவு. உவமை எவ்வளவு பொருத்தமானது என்பதைப் படத்தைப் பார்த்தவுடனே உணரலாம்.

பகலில் இங்கே பெரும்பாலும் மேகம் ஏறி மூடிவிடும். மாலையில் குளிரக் குளிர மேகம் கீழே அமரும்; மலைமுடிகள் மட்டும் மேகக்கடலின் மேல் தீவுகளைப்போல நிற்கும். வடமேற்கே தீவின் மிக உயர்ந்த சிகரம், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட பித்தோன் தே நேழ், தணிந்துவிட்ட பழைய எரிமலை. மேற்கே சூரியன் இறங்கும்போது அதன் நிழலுரு தெரியும். ஒருபுறம் அவிந்த மலை, மறுபுறம் அவியாத மலை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இரவில் குளிர் உறைநிலையைத் தொடும். பயணிகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வழிகாட்டி ஊற்றித்தரும் சூடான பானத்தைக் கையில் ஏந்தி நிற்பார்கள். வழிகாட்டி பேசுவார். இந்த இடத்தின் பெயர் பா த பெல்கோம்ப், அதாவது பெல்கோம்ப் கணவாய், என்பார்.

பெல்கோம்பும் ழக்கோப்பும்

கியோம் லெயோனார் த பெல்கோம்ப் என்பவர் 1767 முதல் 1773 வரை இந்தத் தீவின் ஆளுநர். அன்று தீவின் பெயர் பூர்போன். அவர் ஆளுநராயிருந்தபோது, தீவின் நிர்வாக அதிகாரி ஓனொரே த கிரெமோன் எரிமலையைப் பார்க்க ஒரு குழுவைத் திரட்டினார். ஆண்டு 1768. ஆளுநரும் உடன் சென்றார். குழு மதிலின் உச்சிவரை வந்து நின்றுவிட்டது. கூம்பு எதிரே தெரிகிறது, இறங்க வழியில்லை. மதில் ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் செங்குத்து. இறங்க வழி காண்பவருக்குப் பரிசு என்று அடிமைகளிடம் சொல்லப்பட்டது. ழக்கோப் என்ற அடிமை இறங்கினார். வழி கிடைத்தது. வரைபடத்தில் அதற்குப் பெல்கோம்ப் கணவாய் என்று பெயர் எழுதப்பட்டது.

ழக்கோப் என்பது விவிலியத் தமிழில் யாக்கோபு. 1723 ஆம் ஆண்டின் அரசாணைப்படி இத்தீவுகளில் அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பது கட்டாயம். ஆதலால் அது தாய் தந்தையர் இட்ட பெயராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்பெயரை வைத்துக்கொண்டு அவர் ஆப்பிரிக்கரா, மலகாசியரா, இந்தியரா என்று சொல்ல முடியாது. மூன்று நிலங்களிலிருந்தும் அடிமைகள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். இந்தியர் என்றதும் நமக்குத் திகைப்பாயிருக்கலாம். ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. மஸ்கரேன் தீவுகளுக்குப் போய்வரும் கப்பல்கள் அந்நாட்குறிப்பில் இடைவிடாது வந்துகொண்டிருக்கின்றன. 1743 இல், மக்களை ஏமாற்றியும் கடத்தியும் அடைத்துவைத்து அடிமைகளாக விற்ற ஒரு கும்பலைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். புதுச்சேரிக்கும் பூர்போனுக்கும் இடையில் துணியும் அரிசியும் மட்டும் போகவில்லை.

பெல்கோம்பின் பிற்கால வாழ்க்கை நம் கரையோடு நேரடியாகத் தொடர்புடையது. அவர் 1777 இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டே ஹெக்டர் மன்றோவின் தலைமையில் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டுப் பெல்கோம்ப் நகரத்தை ஒப்படைத்தார். எதிரியே மதிக்கும்படி போரிட்டவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எரிமலைக் கணவாய் அவருடைய வீரத்தால் கிடைத்ததன்று. வேறொருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்கியதால் கிடைத்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1771 இல், பிலிபேர் கொமெர்சோன் என்ற தாவரவியலறிஞர் அதே எரிமலைக்குப் போனார். அவரோடு சென்ற பதினாறு வயது இளைஞன் லிஸ்லே ஜோஃபுருவா. தந்தை பிரெஞ்சுப் பொறியாளர்; தாய் நியாமா மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். அந்த இளைஞன் பிற்காலத்தில் வானியலும் நிலப்பட வரைவும் கற்றுத் தேர்ந்து, 1786 இல் பாரிஸ் அறிவியற் கழகத்தின் தொடர்பு உறுப்பினரானார். கறுப்பினத் தாயின் மகன் ஒருவருக்கு அந்நாளில் கிடைத்த அரிய சிறப்பு அது. 1801 இல் பொரி த சேன்-வேன்சான் என்ற இளம் இயற்கையறிஞர் வந்தார்; உச்சியிலிருந்த பெருவாய்க்குத் தாம் மதித்த நிலவியலறிஞர் தொலொமியேயின் பெயரை இட்டார். பக்கத்து வாய்க்கு இன்று வழங்குவது பொரியின் சொந்தப் பெயர். மணல்வெளிக்கு முன்னால் சாலையோரத்தில் பிளந்து கிடக்கும் ஆழ்ந்த பள்ளத்துக்குக் கொமெர்சோனின் பெயர். ஆக, ஜீப்பில் போகிறவர் ஒரு மணி நேரத்தில் ஓர் ஆளுநரையும் மூன்று அறிஞர்களையும் கடந்துவிடுகிறார். முதலில் இறங்கியவரைக் கடப்பதில்லை.

அல்லது, நெடுங்காலம் கடக்கவில்லை என்று சொல்லவேண்டும். அண்மைக் காலத்தில் அந்தக் கணவாயின் பெயர் பா த பெல்கோம்ப்–ழக்கோப் என்று இரட்டைப் பெயராக வழங்கத் தொடங்கியிருக்கிறது. ஆளுநரின் பெயரை அழிக்கவில்லை. ஒரு சிறு கோடு போட்டு அடிமையின் பெயரையும் எழுதினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாமதமான ஒரு கோடு.

ஆற்றுப்படையில் பெயரில்லாதவன்

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். ஒரு வள்ளலிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு வழிசொல்லி அனுப்புவதே இவற்றின் அமைப்பு. திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால், மற்ற நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை என்று நூலின் பெயர் வழிகேட்பவனைக் குறித்தே அமைகிறது. வள்ளலின் பெயரும் குலமும் நாடும் விரிவாகப் பேசப்படுகின்றன. பாடிய புலவரின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது. நூல் முழுவதும் பேசுகிறவன், வழியைக் காலால் அறிந்தவன், அவன் ஒருவனுக்கே பெயரில்லை.

கூத்தராற்றுப்படையின் மற்றொரு பெயர் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார், செங்கண்மாவை ஆண்ட நன்னன்மீது பாடியது, 583 அடிகள். மலைவழியை இத்தனை நுட்பமாகச் சொன்ன நூல் தமிழில் வேறில்லை. பன்றிக்காக வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் பள்ளத்தை எப்படிக் கடக்கவேண்டும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும் இடத்தில் எப்படி நடக்கவேண்டும், பாசி படர்ந்து வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொள்ளவேண்டும் என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டு போகிறான் அந்தக் கூத்தன். இவை அரண்மனையில் இருந்தபடி அறியக்கூடியவை அல்ல. வழுக்கியவன் சொல்லக்கூடியவை. மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அவன் பட்டியலிடுகிற பகுதிதான் நூலுக்கே பெயர் தந்தது. ஆயினும் அவன் யார் என்று நாம் கேட்டதில்லை. வகுப்பறையில் நூலாசிரியர் யார், பாட்டுடைத் தலைவன் யார் என்று கேட்கிறோம்; தேர்விலும் அவையே வினாக்கள்.

இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆற்றுப்படைக் கூத்தன் விருப்பத்தோடு வழிசொல்கிறான். தான் பெற்றதை மற்றவனும் பெறட்டும் என்ற நல்லெண்ணம் அங்கே இருக்கிறது. ழக்கோப்புக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆனால் வழியை அறிந்தவன் பெயரற்றுப் போவதும் வழிநடத்தப்பட்டவன் பெயர் நிலைப்பதும் ஒரு நாட்டின், ஓர் இனத்தின் குறைபாடு மட்டுமன்று என்பது இந்த ஒப்பீட்டால் தெரிகிறது. வரலாறு எழுதுகிற கை எங்கும் ஒரே பக்கமாகச் சாய்கிறது.

இதே தீவில் இன்னொரு சான்றும் உண்டு. 1841 இல் சேன்த்-சுய்சான் ஊரில் எத்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். மெக்சிகோவுக்கு வெளியே வனிலாவைப் பயிரிட்டுப் பெரும் பொருளீட்ட வழிசெய்த முறை அது. கண்டுபிடித்தது தாமே என்று புகழ்பெற்ற தாவரவியலறிஞர் ஒருவர் உரிமை கொண்டாடினார். சிறுவனின் உடைமையாளரே அவன் பக்கம் நின்று அதை மறுத்து எழுதினார். 1848 இல் விடுதலை வந்தபோதுதான் எத்மோனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப்பெயர் கிடைத்தது. 1880 இல் வறுமையில் இறந்தார். உலகெங்கும் வனிலாவை அவர் முறையிலேயே இன்றும் சேர்க்கை செய்கிறார்கள்.

கரும்புக்குப் போனவர்கள்

1848 டிசம்பர் 20 ஆம் நாள் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தோட்டக்காரர்களின் பார்வை நம் கரைமேல் விழுந்தது. 1828 இலேயே ஏனாமிலிருந்து தெலுங்கர் சிலரைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். இப்போது காரைக்காலும் புதுச்சேரியும் ஆள்கட்டும் துறைமுகங்களாயின. 1860 இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கை பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள்திரட்ட வழிதிறந்தது. தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மக்கள் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு வந்த இருப்புப்பாதை 1862 இல் திருச்சியை எட்டியது. உள்நாட்டுக் கிராமத்துக்கும் கடலுக்கும் இடையிலிருந்த தொலைவு சுருங்கியது. பஞ்சம் துரத்தியது, கங்காணி அழைத்தான். தோட்டங்களில் நடந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு, 1882 இல் பிரிட்டிஷ் அரசு ஆள்திரட்டலை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒரு பாரதி வாய்த்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு புதுமைப்பித்தன் வாய்த்தார். ரீயூனியன் கரும்புக்கு நம் இலக்கியத்தில் அப்படி ஒரு குரல் வாய்க்கவில்லை. பிரெஞ்சு ஆட்சிப்பகுதி என்பதால் நம் பார்வைக்கு வெளியே கிடந்துவிட்டது போலும்.

அங்கே அவர்களுக்கு மல்பார் என்று பெயர். மலபாரிலிருந்து போனவர்கள் அல்லர். ஐரோப்பியர் தமிழரைக் குறிக்க வழங்கிய பழஞ்சொல் அது. மொழி இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டிலிருந்து வெளியேறியது. ஆனால் சமையலறை அதை முழுதும் விடவில்லை. அத்தீவின் கிரியோல் மொழியில் கறிவேப்பிலை கலுப்பிலே, முருங்கை முரூங், கொத்தமல்லி கொத்தொமிலி. எல்லா உணவோடும் பரிமாறப்படும் ருகாய் என்ற காரத் தொடுகறியின் பெயர் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள். கோயிலும் விடவில்லை. பாஞ்சாலிக்குத் தீமிதி இன்றும் நடக்கிறது. பாந்தியாலே என்று அவளை அழைக்கிறார்கள். தெருக்கூத்தின் வழிவந்த இரவுநேர ஆட்டமொன்று உண்டு. அதை நடத்துபவருக்கு வர்த்தியால் என்று பெயர். வாத்தியார் என்ற சொல் கடல் கடந்து திரிந்த வடிவம். பொருள் முழுதும் விளங்காமலே பாரதப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்து வந்திருக்கிறார்கள் இந்த வாத்தியார்கள். மொழி இறந்த பிறகும் பாட்டை எடுத்துச் சென்ற இவர்களும் வழிகாட்டிகளே.

கப்பலேறும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். முத்துசாமி மூத்துஸ்ஸாமி ஆனார். பெருமாள் பெர்மால் ஆனார். பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப்பெயர் வேண்டும். ஆகவே கப்பலிலிருந்து இறங்கிய தனிமனிதனின் பெயர் அவன் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் என்றென்றைக்குமான குடும்பப்பெயராக உறைந்தது. சேன்-தாந்த்ரே நகரத்தின் மேயராகப் பல ஆண்டுகள் இருந்து செனட்டராகவும் ஆன ழான்-போல் விராபூலேயின் பெயரில் வீரப்பிள்ளை என்ற ஒலியைக் கேட்காமலிருக்க முடியாது.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. அதை நெடுநாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். மணப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களில் இருந்து வரும் மாணவர்களிடம் பாட்டனாரின் தகப்பனார் பெயரைக் கேட்டால் பத்தில் ஒருவர் சொன்னால் பெரிது. நம் முறையில் தகப்பன் பெயர் மகனுக்குத் தலையெழுத்தாக, ஒற்றை எழுத்தாக நிற்கும். பேரனிடம் வரும்போது அதுவும் போய்விடும். நிலம் இருந்தவனுக்குப் பட்டாவில் பெயர் இருக்கும். நிலமில்லாத கூலிக்கு அதுவுமில்லை. 1860களில் இதே ஊர்களிலிருந்து ஓர் அண்ணன் கப்பலேறி, தம்பி இங்கேயே நின்றிருந்தால், அண்ணனின் பெயர் இன்று அத்தீவில் ஒரு மருந்துக்கடையின் பலகையிலோ வழக்கறிஞர் வீட்டு வாயிலிலோ சிதைந்த வடிவத்தில் இருக்கும். தம்பியின் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. மொழியை இழந்தவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். மொழியை வைத்திருக்கும் நாம் பெயர்களை இழந்துவிட்டோம். எது பெரிய இழப்பு என்று தராசில் நிறுக்க நான் துணியவில்லை. நம் பக்கத்தில் இழப்பே இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பது மட்டும் தவறு.

தீயின் உறவு

எரிமலைக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பைப் புவியியலார் சொல்கிறார்கள். பூமியின் ஆழத்திலிருந்து ஓரிடத்தில் நிலையாக மேலெழும் வெப்பத்தை அவர்கள் வெப்பப்புள்ளி என்பர். இன்று ரீயூனியனுக்கு அடியிலுள்ள வெப்பப்புள்ளியே சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைக் குழம்பைக் கொட்டியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்போது இந்தியத் துணைக்கண்டம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் புள்ளிக்கு மேலாக அது கடந்து போயிற்று. நிலம் நகர நகர அதே தீ இலட்சத்தீவு, மாலத்தீவு, மொரீசியசு என்று தன் தடத்தை விட்டுக்கொண்டே போய் இப்போது ரீயூனியனில் எரிகிறது. அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த கருங்கல் அந்தத் தீ ஆறிய கல். எங்கள் மணப்பாறைப் பாறை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் இந்தியாவிலிருந்து போன கூலிகள், தம் நிலத்தை ஒருகாலத்தில் சுட்ட அதே தீயின் அருகில்தான் குடியேறினார்கள் என்பது எண்ணத்தக்கது.

கடலுக்குள் ஒரு தீ இருக்கிறது, ஊழிக்காலத்தில் அது எழும் என்பது நம் பழைய நூல்களில் வரும் நம்பிக்கை. வடவைத்தீ என்பர். ரீயூனியனின் கிழக்குக் கரையில் குழம்பு கடலில் விழும்போது எழும் நீராவியைப் படத்தில் பார்க்கிற தமிழ் மாணவனுக்கு அந்தச் சொல் கட்டாயம் நினைவுக்கு வரும். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பள்ளத்தைத் தாண்டிப் பித்தோன்-சேன்த்-ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. வீடுகள் எரிந்தன, மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டதால் உயிர்கள் தப்பின. குழம்பு அங்குள்ள தேவாலயத்தைச் சூழ்ந்து வாசலில் வந்து நின்றது. அந்த ஆலயத்துக்கு எரிமலைக்குழம்பின் அன்னை என்று பின்னர் பெயர் வைத்தார்கள். அந்நிகழ்ச்சிக்குப் பிறகே, 1979 இல், எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகம் அமைந்தது. 2007 ஏப்ரலில் வந்தது இன்னும் பெரியது. கரையோரச் சாலையைக் குழம்பு துண்டித்துக் கடலில் விழுந்தது. உச்சியில் தொலொமியே பெருவாயின் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. 2010 இல் யுனெஸ்கோ இந்தத் தீவின் சிகரங்களையும் மதில்களையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எரிமலை கனலும் நாட்களில் பள்ளத்துக்குள் இறங்கும் பாதையை அரசு மூடிவிடும். மற்ற நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் வழியாக எவரும் இறங்கலாம். ழக்கோப் இறங்கியபோது படிகள் இல்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுநருக்கு அது ஒரு மாலைக் காட்சி. கீழே கால் வைத்தவருக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு கேள்வி. இன்று மதிலின் விளிம்பில் போர்வை போர்த்தி நிற்கும் பயணிக்கு இவ்விரண்டில் முதலாவதே எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாவதைச் சொல்ல ஒரு வழிகாட்டி வேண்டும்.

அங்கே போகிறவர்கள் நம்மில் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். ஆனால் கொழுக்குமலைக்கும் கொல்லிமலைக்கும் போகிறவர்கள் பலர். முன்னிருக்கையில் அமர்ந்து அந்த வளைவுகளையெல்லாம் கைகளில் மனப்பாடமாக வைத்திருக்கும் ஓட்டுநருக்கு ஒரு பெயர் உண்டு. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சிகரத்தின் உயரத்தை மீட்டர் கணக்கில் பிழையின்றி எழுதுகிறார்கள்; அவரை டிரைவர் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ரீயூனியனில் ஒரு பலகையில் ஒரு கோடும் ஒரு சொல்லும் சேர இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டியில் ஏறும்போதே பெயரைக் கேட்டு, கட்டுரையில் அவர் விரும்பினால் அதை எழுதிவிடலாம்.